சாமை உண்பதில்லையாம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. சம்பூர்ணம் சொன்னாள், நான் கேட்டேன். அவளுக்கும் கொஞ்சம் சந்தவாசலில் கண்ணாயிரம் சொன்னது, கொஞ்சம் ஜவ்வாது மலைமேல் மங்கம்மாள் சொன்னது. என் பங்கு தட்டச்சு மட்டும். ஆனால் கதை பிறந்தது இவர்கள் யாரிடமும் அல்ல. சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'ஆம்' என்ற இரண்டெழுத்தில்தான் பிறந்தது. 'மழை வருமாம்', 'பெண்ணுக்கு இஷ்டமில்லையாம்' என்கிறோமே, அந்த ஆம். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், நாளைக்கு என்னை வந்து கேட்காதீர்கள் என்று நீட்டிச் சொல்லவேண்டியதை இந்த இரண்டெழுத்து சொல்லிவிடுகிறது. அந்த இரண்டெழுத்து ஒருமுறை காணாமல் போனது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

என் பெயர் ரத்தினம்மாள். 1982இல் கணியம்பாடியில் பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்தேன். காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி, மத்தியானத்துக்கு மேல் ஆய்வேடுகள். படித்தவர்கள் எழுதியதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் தட்டியதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று யாராவது எழுதிவந்தால் எந்த ஆய்வு, யார் வீட்டு ஆய்வு என்று கேட்டுவிடுவேன். இதனால் இரண்டொருவர் வேறு தட்டச்சுக்காரரைத் தேடிக்கொண்டார்கள். நிம்மதி.

2

எப்படி ஆரம்பிப்பது?

ஜவ்வாது மலையின்மேல் அன்று கருமேகங்கள் திரண்டு xxxxxxxxxx

(தட்டச்சுக்காரி எழுதியதை அடித்துவிடுவது இப்படித்தான், எழுத்தின்மேல் x வைத்துக்கொண்டே போவது. மேகத்தை ஏன் அடித்தேன் என்றால், அன்று மேகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சம்பூர்ணம் மேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.)

சம்பூர்ணத்தின் கண்களில் ஒரு சோகம் xxxxxxx

(இதுவும் பொய். அவள் கண்ணில் இருந்தது தூக்கம். ஆய்வேடு எழுதும் எல்லோர் கண்ணிலும் இருப்பது.)

ஏழாம் எண்ணில்தான் தகராறு ஆரம்பித்தது.

இது இருக்கட்டும். இதில் எல்லாம் உண்மை.

சம்பூர்ணம் செவிலியர் படிப்பு முடித்து, மேல்பட்டத்துக்காக ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். மலைவாழ் தாய்மார்களின் உணவு என்பது தலைப்பு. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். இந்தக் கதைக்காக நானே கட்டிய கல்லூரி; சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது. அவளுடைய வழிகாட்டி டாக்டர் பஞ்சாட்சரம். ஆதாரம் இல்லாத வாக்கியம் கிசுகிசு என்பது அவர் கட்சி. ஒவ்வொரு தகவலின் தலையிலும் ஒரு சிறு எண் இருக்கவேண்டும். கடைசிப் பக்கங்களில் அந்த எண்ணுக்கு நேராக யார் எழுதியது, எந்த இதழ், எந்த ஆண்டு என்று இருக்கவேண்டும். எண்கள் வரிசை தப்பக்கூடாது. அப்போது மருத்துவக் கட்டுரைகளில் இந்த முறை பரவிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் பெரிய பிரியம் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் உருளையை அரை வரி தள்ளி, தட்டி, பழையபடி திருப்பவேண்டும். உள்ளே கார்பன் தாள்கள் வேறு நழுவும்.

அவள் ஆய்வேட்டில் ஒரு வாக்கியம் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: 'ஜவ்வாது மலையில் பிள்ளை பெற்ற பெண்கள் சாமை உண்பதில்லை⁷.'

ஏழு என்பது பஞ்சாட்சரமே 1979இல் எழுதிய கட்டுரை. இந்த வாக்கியத்தின்மேல்தான் நான்காம் அத்தியாயம் முழுவதும் நின்றது. மலையில் விளைவதே சாமை. அதைப் பிள்ளை பெற்றவள் ஒதுக்கினால் வேறு என்ன தின்பாள், தெம்பு எப்படி வரும், பால் எப்படி ஊறும் என்று அட்டவணை போட்டு எழுதியிருந்தாள். மலையடிவாரத்தில் புதிதாகத் திறக்க இருந்த தாய்சேய் நிலையத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. பட்டம் வந்தால்தான் கிடைக்கும். அதற்கு மாசி முடிவதற்குள் பஞ்சாட்சரத்தின் கையெழுத்தோடு ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்தாகவேண்டும். எனக்கு அந்தப் பெண் அந்த வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசை. இதை நான் மறைக்கப்போவதில்லை.

3

பஞ்சாட்சரத்தின் இன்னொரு கட்சி: மூலத்தைப் படிக்காமல் மேற்கோள் காட்டாதே. அவர் சொன்னதை அவள் அப்படியே கேட்டாள். வந்த வினை அதுதான். அவருடைய கட்டுரை 1974இல் வந்த ஓர் ஆங்கிலக் கள அறிக்கையை ஆதாரம் காட்டியது. அந்த அறிக்கையைத் தேடிப் படித்தாள். அதில் எந்த எண்ணும் இல்லை. வாக்கியம் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில், விவரம் சேகரித்தவர் கண்ணாயிரம் என்று இருந்தது.

கண்ணாயிரம் வேலையை விட்டு ஓய்வுபெற்றுச் சந்தவாசலில் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் போனபோது செடி பிடுங்கும் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா, என் ரிப்போர்ட்டையா படிச்ச? இத்தினி வருசம் கழிச்சா?" அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாங்க. மலையில பிள்ள பெத்தவங்க சாமை உண்பதில்லைன்னு எழுதியிருக்கீங்களே..."

"அப்டி எழுதலியே நானு."

"உங்க பேர் இருக்குதுங்களே."

"நான் தமிழ்லதாம்மா எழுதிக் குடுத்தேன். உண்பதில்லையாம்னு எழுதினேன். ஆபீசுல எவனோ இங்கிலீசுல மாத்திட்டான். இங்கிலீசுல ஆம் கெடையாது போல. வுட்டுட்டான்."

"யாருங்க உங்களுக்கு அதைச் சொன்னது?"

"யாரு சொன்னான்னு தெரிஞ்சா பேரைப் போட்டிருக்க மாட்டேனா? தெரியாததுக்குத்தானே ஆம் போட்டேன்!" என்று சொல்லிவிட்டு, அவள் கை நிறையப் பச்சைக் கடலையை அள்ளிவைத்தார்.

(கண்ணாயிரம் உண்மையிலேயே 'ஆம்' போட்டாரா? எனக்குச் சந்தேகந்தான். அந்தத் தமிழ்த் தாளை யாரும் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டபின் தோன்றிய சமாதானமாகவும் இருக்கலாம். அவர் சொன்னார் என்பதற்குமேல் ஆதாரம் இல்லை. ஆகவே: போட்டாராம்.)

4

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மேலே எழுதிய சந்தவாசல் காட்சியில் நான் இல்லை. துண்டை உதறியதை நான் பார்க்கவில்லை. கண்ணாயிரத்தைக் குறை சொல்லும் எனக்கு, என் கதையில் 'ஆம்' போடாமல் எழுத என்ன யோக்கியதை இருக்கிறது? சரி, போட்டுப் பார்ப்போம் என்று ஒரு பக்கம் தட்டினேன்:

சம்பூர்ணம் அமிர்தி பஸ் ஏறினாளாம். ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம். இறங்கி, மலைப்பாதையில் நடந்தாளாம். வழியில் புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தி ஒரு பழம் கொடுத்தாளாம், புளிப்பு பல்லைக் கூசவைத்ததாம் xxxxxxxxx

குழாயடியில் நின்று பேசுவதுபோல இருக்கிறது. வாசகர்களே, ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். நான் 'ஆம்' இல்லாமல் எழுதிக்கொண்டு போகிறேன். நீங்கள் மனதுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாத இடம் வந்தால் நானே சொல்கிறேன்.

சம்பூர்ணத்தைப் பற்றியும் ஒரு சந்தேகம். கதையில் அவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாளோ? மாசி நெருங்கும் நேரத்தில், பேசாமல் ஏழைப் போட்டுவிட்டுப் போகாமல் ஏன் மலை ஏறினாள்? இதை அவளிடமே கேட்டேன். "நேர்மையெல்லாம் இல்லக்கா, எனக்குக் கோவம். அட்டவணை போட்டதெல்லாம் வீணாப் போச்சான்னு தெரிஞ்சுக்கணும் இல்ல?" என்றாள். கோபக்காரி என்றால் நம்பலாம். எனக்கும் நிம்மதியாக எழுதவருகிறது.

5

ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். மலைமேல் சில வீடுகள், சரிவில் அறுத்து முடிந்த சாமைக் கொல்லை. முதல் வீட்டில் மங்கம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. அவள் மாமியார் பெரியம்மாள் உள்ளே அடுப்பண்டை இருந்தாள்.

சம்பூர்ணம் உட்கார்ந்து, குழந்தையை விசாரித்து, மெல்லக் கேட்டாள்: "இங்கெல்லாம் பிள்ள பெத்தவங்க சாமை தின்றதில்லையா?"

"ஆமாங்க. தின்ன மாட்டோமாம்," என்றாள் மங்கம்மாள், ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டே.

"இப்ப இன்னா சாப்பிடற?"

"சாமைச் சோறுங்க. அவரைக்கொட்டைக் கொழம்பு. உங்களுக்கும் கொஞ்சம் போடட்டுங்களா?"

"சாமையத் தின்னுக்கினே தின்ன மாட்டோம்னு சொல்றியேம்மா!"

"நான் எங்கங்க அப்டி சொன்னேன்? தின்ன மாட்டோமாம்னுதானே சொன்னேன்."

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காம் அத்தியாயம் அட்டவணைகளோடு அந்தக் குழம்பில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு உனக்குச் சொன்னது?"

"கேம்ப்புல சொன்னாருங்க. போன கார்த்திகையில இஸ்கூலாண்ட கேம்ப் போட்டாங்க. கண்ணாடி போட்ட பெரிய டாக்டரு வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினாரு. மலையில பிள்ள பெத்தவங்க சாமைய ஒதுக்கறாங்களாம், அதனால பால் கம்மியாவுதாம், ஒதுக்கக் கூடாதாம். நாங்க ஒதுக்கறதே இல்லீங்க. வேற எந்த ஊர்லயோ ஒதுக்கறாங்க போலன்னு வுட்டுட்டோம்."

உள்ளேயிருந்து பெரியம்மாள் குரல் கொடுத்தாள்: "அம்மாந்தூரம் ஏறி வந்து சொல்றாரு. இல்லீங்கன்னா மொகம் வாடிப்பூடும். அதான் எல்லாரும் தலையாட்டிக்கினு வந்தோம்."

கண்ணாடி போட்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசும் பெரிய டாக்டர் யார் என்று சம்பூர்ணத்துக்கு விளக்கவேண்டியதில்லை. அந்த முகாமுக்கு மாத்திரைப் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றி அனுப்பியவளே அவள்தான்.

ஒரு வீட்டோடு அவள் நிற்கவில்லை. பிள்ளை பெற்றவர்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம் போனாள். எல்லா வீட்டிலும் சாமை. கேட்டால், "எங்கூர்ல இல்லீங்க, அந்தாண்ட ஊர்ல அப்டியாம்" என்றார்கள். அந்தாண்ட ஊருக்கும் போனாள். அவர்கள் இந்த ஊரைக் கை காட்டினார்கள்.

திரும்பும் வழியில் மறுபடி மங்கம்மாள் வீட்டில் நின்றாள். இந்தமுறை கொடுத்ததைச் சாப்பிட்டாள். சாமைச் சோறு சூட்டில் பொலபொலவென்று இருந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கேட்டாள்: "நீ சொன்னதை நான் எழுதற புத்தகத்துல போடப்போறேன். உன் பேரையும் போடலாமா?"

மங்கம்மாள் வெட்கத்தோடு மாமியாரைப் பார்த்தாள். "எம்பேரா? போட்டுக்குங்க. ஆனா தின்றேன்னு போடுங்க. தின்ன மாட்டேன்னு போட்டீங்கன்னா, சாமை அறுக்கற எங்கூட்டுக்காரரு சும்மா வுட மாட்டாரு."

6

இதிலிருந்து நான் இருக்கிறேன். இங்கே 'ஆம்' வேண்டாம்.

சம்பூர்ணம் பயிலகத்துக்குள் வந்து முழுக்கதையையும் சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மலையைப் பற்றிக் கேட்கவில்லை, மங்கம்மாளைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏழை எடுக்கப்போறியா?" என்றேன்.

ஏழை எடுத்தால் எட்டு ஏழாகும், ஒன்பது எட்டாகும். ஆய்வேட்டின் கடைசி வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு படி இறங்கும். அத்தனை பக்கத்தையும் அத்தனை பிரதியையும் மறுபடி தட்டவேண்டும். மாசியில் முடியாது. பங்குனியிலும் முடியாது.

"கத்தாதீங்கக்கா. ஏழு அப்படியே இருக்கும்," என்றாள். "சார் கட்டுரையில அப்படி எழுதியிருக்கறது நெசந்தானே? வாக்கியத்தை மட்டும் மாத்தறேன். உண்பதில்லைன்னு நான் சொல்லக் கூடாது. உண்பதில்லைன்னு எழுதப்பட்டிருக்குதுன்னு போட்டு ஏழு போட்டுட்டா, அது உண்மை."

ஆங்கிலத்தில் ஆம் கிடையாது என்று கண்ணாயிரம் சொன்னாரே, இதோ இருக்கிறது. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

"சரி, மங்கம்மாளுக்கு எந்த எண்? அவளைச் செருகினா அதுக்குப் பின்னாடி எல்லாம் ஏறுமே?"

சம்பூர்ணம் பையிலிருந்து மேற்கோள் விதிகளின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தாள். "நேர்ப்பேச்சுக்கு நம்பரே கெடையாதுக்கா. வாக்கியத்துக்குள்ளயே அடைப்புக்குறி போட்டு யார் சொன்னாங்க, எப்போ சொன்னாங்கன்னு போடணும். அவங்ககிட்ட சம்மதம் வாங்கியிருக்கணும். வாங்கிட்டேன்."

அந்த விதியை எழுதியவர் எந்த நாட்டுக்காரரோ, அவர் வீட்டில் விளக்கெரியட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

நான்காம் அத்தியாயத்தை அவள் புதிதாக எழுதினாள். சாமை ஒதுக்கப்படுவதில்லை என்பது ஒரு பாதி. ஒதுக்கப்படுகிறது என்ற பேச்சு கீழிருந்து மேலே போய், மேலிருந்து கீழே வந்து, அச்சாகி, மறுபடி ஜீப்பில் ஏறி மலைக்கே போன கதை மறு பாதி. இரண்டுக்கும் ஆதாரம் காட்டியிருந்தாள். நான் தட்டிய அத்தியாயங்களில் எனக்குக் கை வலிக்காத ஒன்று அதுதான். மங்கம்மாளின் பெயரைத் தட்டும்போது மட்டும் நிறுத்தி நிறுத்தித் தட்டினேன், எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாதே என்று.

மிச்சம் இருந்தது ஒரு பயம். அந்த அத்தியாயத்தை நேராகப் படித்தால், பஞ்சாட்சரம் தவறாக எழுதினார், தவறாகப் பேசினார் என்றுதான் அர்த்தம். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டியவரும் பஞ்சாட்சரம்தான். போடாவிட்டால் பட்டம் இல்லை, தாய்சேய் நிலையம் இல்லை.

"அவர் பேரை மட்டும் எடுத்துடேன்," என்று ஒருதரம் சொல்லிப்பார்த்தேன்.

"யார் சொன்னாங்கன்னு போடணும்னு சொல்லிக்குடுத்ததே அவர்தானேக்கா," என்றாள்.

7

[                    ]

(இந்த இடத்தில் பஞ்சாட்சரத்தின் அறை வரவேண்டும். எழுதியிருந்தேன். மின்விசிறி சுற்றியது, அவர் முகம் கறுத்தது என்றெல்லாம் நேரில் நின்று பார்த்தவள்போல எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து, உருவிவிட்டேன். எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். எட்டை ஏழாக்கும் வேலை எனக்கு வேண்டாம்.)

8

நடந்திருக்கக்கூடியவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று: படித்துவிட்டுத் தாள்களை மேசையில் எறிந்தார். அடுத்த வருஷம் வா என்றார். கதைக்கு நல்ல சூடு கிடைக்கும். ஆனால் எறிகிற மனிதராக அவரை எனக்குத் தெரியாது.

இரண்டு: படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இது பல கல்லூரிகளில் நடப்பதாகச் சொல்கிறார்கள். யார் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவது சம்பூர்ணம் எனக்குச் சொன்னது. சிவப்புப் பென்சிலோடு படித்துக்கொண்டே வந்தவர், மங்கம்மாளின் அடைப்புக்குறியில் பென்சிலை நிறுத்தினாராம்.

"சாமை சாப்பிட்டதை நீ பார்த்தியா?" என்றாராம்.

"பார்த்தேன் சார். நானும் சாப்பிட்டேன்."

"அப்போ அவங்க பேரோட நிறுத்தாதே. கண்ணால பார்த்தவ நீ. உன் பார்வையையும் எழுது."

எழுதுகிறேன் என்றாளாம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "அவங்களுக்குச் சொன்னவன் நான். எனக்குச் சொன்னது கண்ணாயிரம். கண்ணாயிரத்துக்கு?"

"யாரோ, சார்."

"யாரோவுக்கு எந்த நம்பர்ம்மா போடறது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தாராம். அன்று தலையாட்டிய பெண்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்களோ என்னவோ, சிரிப்பு அடங்கவே இல்லையாம்.

அந்த அறையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் காதால். கண்ணால் பார்த்தது வேறு. மறுநாள், தான் பார்த்ததை ஒரு வரியாகச் சேர்த்துத் தட்டவும் பிறகு பைண்டரிடம் அனுப்பவும் அவள் தாள்களைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் நீல மையில் பஞ்சாட்சரத்தின் கையெழுத்து இருந்தது. இதற்கு 'ஆம்' வேண்டாம். கூடவே ஒரு கடிதம், அவர் கையால் எழுதியது, தட்டித் தரும்படி. 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு திருத்தம் என்று இதழாசிரியருக்கு எழுதியிருந்தார். தட்டிக் கொடுத்தேன். இதழில் வெளிவந்ததாம்.

அடுத்த ஆடியில் ஒரு காலை, பயிலக ஜன்னல் வழியே பார்த்தேன். வெள்ளைப் புடவையில் சம்பூர்ணம் அமிர்தி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் தப்பும் தவறுமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று யாரையும் திட்டவில்லை.

அந்தக் காலையோடு முடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஏழு காலியாக இருக்கிறது. அதை உங்களுக்குத் தருகிறேன். மூன்றில் எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது ஒன்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எழுதினால், யார் சொன்னது என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று. ஜவ்வாது மலையில் பிள்ளை பெற்றவள் சாமை தின்றாள் (மங்கம்மாள், நேரில் சொன்னது, 1982). சம்பூர்ணம் அதைக் கண்ணால் பார்த்தாள், நான் சம்பூர்ணத்திடம் கேட்டேன், நீங்கள் என்னிடம் படித்தீர்கள். நாளைக்கு யாரிடமாவது இதைச் சொல்லத்தான் போகிறீர்கள். அப்போது 'தின்றாள்' என்று சொல்லாதீர்கள். தின்றாளாம் என்று சொல்லுங்கள்.